தவக்காலத்தில் பிரிக்காத கடிதங்கள்

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
18.8.2024

அன்புத் தங்கச்சி வினோலியாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? மடத்தில் உனக்கு வேறு பெயர் வைத்து எத்தனையோ வருடமாகிவிட்டது, ஆனாலும் என் பேனாவுக்கு வினோலியா என்றுதான் எழுத வருகிறது. உங்கள் தலைவியம்மா கோபித்துக்கொள்ளாவிட்டால் இப்படியே போகட்டும். ஊரே போனில் முகம் பார்த்துப் பேசுகிறது, நமக்கு மட்டும் தபால்காரர்தான் கதி. அதுவும் கிறிஸ்துமஸ் வரைக்கும் திருவருகைக் காலம், ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம் என்று உங்களுக்கு வரும் கடிதங்களைப் பிரிக்காமல் கட்டி வைத்துவிடுவார்கள். நல்ல மடம் பார்த்துப் போனாய்.

பள்ளிக்கூடத்துச் செய்தி நல்லதாக இல்லை. ஃபாதர் இனிகோ, அவர்தான் இப்போது தாளாளர், என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், இருமொழித் திட்டத்துக்கு இந்த வருசம் பணம் வரல. ஆபீசுல கேட்டா மேல கேளுங்கங்கிறாக, மேல கேட்டா இன்னும் மேலங்கிறாக" என்றார்.

உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். நம்முடையது அரசு உதவி பெறும் பள்ளி. மூன்றும் நான்கும் சேர்ந்த என் வகுப்புக்கு இந்தத் திட்டத்தில் ஒரு புத்தகம் தந்தார்கள். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் அதே பாடம் இங்கிலீஷில். துணைக்கு பாக்கியராஜ் சாரையும் போட்டார்கள். பிள்ளை தெரிந்த பக்கத்தில் காலை ஊன்றிக்கொண்டு தெரியாத பக்கத்துக்குத் தாண்டும். வாயே திறக்காத தமிழ்மதி, பூக்கார காமராஜ் மகள், போன வாரம் எழுந்து நின்று, "டீச்சர், மல்லி ஜாஸ்மின்னா பிச்சிப்பூ என்னா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

இனி புத்தகம் வராது. பாக்கியராஜ் சாரை நிறுத்திவிட்டார்கள். திட்டம் போனால் பெற்றோர் பிள்ளைகளை வேன் வரும் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளை குறைந்தால் நான் உபரி ஆசிரியர், என்னைத் தூக்கி எங்கேயாவது போடுவார்கள். வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள் சொல். காலையில் வகுப்புக்குள் நுழையும்போதுதான் அன்றைக்கு முதல் வார்த்தை பேசுகிறேன். இந்த வகுப்புக்காக வேண்டிக்கொள்.

அக்கா ஜெயமேரி


கார்மேல் மடம்
9.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று மாதா பிறந்தநாளுக்கு மறுநாள். நேற்று விருந்தில் மிஞ்சிய பாயசத்தைக் குடித்துவிட்டு இதை எழுதுகிறேன். முதுகு வலிக்கிறது, ஆனால் தோட்ட வேலை எனக்குத்தான் வேண்டுமென்று நானே கேட்டு வாங்கியது, யாரிடம் புலம்ப?

உன் வகுப்பை எங்கள் வேண்டுதல் பலகையில் எழுதிவிட்டேன். மற்ற சகோதரிகள் எல்லோரும் கன்னடக்காரர்கள், யாருக்கும் தமிழ் தெரியாது. 'ரெண்டு மொழியில் பாடம் நடக்கும் ஒரு வகுப்பு' என்று நான் கன்னடத்தில் சொல்லிக் காட்டினேன். ஒரு வயதான சகோதரி, "தேவனுக்கு எந்தப் பக்கம் எளிது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். இங்கே சிரிக்க மணி அடித்து நேரம் ஒதுக்கியிருக்கிறது, அதற்குள் சிரித்துவிட வேண்டும்.

அக்கா, நான் இங்கே வந்ததால்தான் நீ தனியாகிவிட்டாய். அதை நினைக்காத நாளில்லை. உனக்கு ஏதாவது செய்ய முடிந்தால் செய்வேன்.

உன் வினோலியா


மேட்டுப்பட்டி
20.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

மழை பிடித்துக்கொண்டது. எனக்கு லேசான சளி, வேறொன்றுமில்லை. திருவருகைக் காலம் தொடங்குவதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வகுப்பு நடக்கிறது. போன வருடப் பிள்ளைகளிடமிருந்து பழைய புத்தகங்களைத் திருப்பி வாங்கினேன். கிழிந்த பக்கங்களை ஒட்டி, இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்திருக்கிறேன். காந்திகிராமத்திலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு பெண் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மேடம், இதுக்கு எந்த மாடல்?" என்று கேட்டாள். என்ன மாடலைக் கண்டேன், பிள்ளைக்குப் புரியும் வரை இரண்டு வாயாலும் சொல்வேன் என்றேன்.

ஆனால் பெற்றோர் மனம் கலைகிறது. தமிழ்மதியின் அம்மா முத்துப்பேச்சி பூக்கூடையோடு வந்து வாசலில் நின்றாள். "டீச்சர், ஒங்கள நான் கொற சொல்லல. ஆனா காலைல வேன் வந்து ஆரன் அடிக்கயில தெருப்பிள்ளைக அம்புட்டும் டை கட்டிக்கிட்டு ஏறுதுக. எம்புள்ள மட்டும் நடந்து போறத செத்த நேரம் நின்னு பாருங்க, ஒங்களுக்கே தெரியும்" என்றாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அரசாங்கமும் தராது, பெற்றோரும் நம்ப மாட்டார்கள்.

அவளைக் கெஞ்சி இந்த வருடம் நிறுத்தி வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குப் பாலன் பிறந்த பிறகு எழுது.

ஜெயமேரி


கார்மேல் மடம்
20.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போனதா? சுக்கு தட்டிப் போட்டுக் குடி. இங்கே பனி குறைந்து வெயில் ஏறிவிட்டது.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. நம் சித்தி மகன் கிளெமென்ட் துபாயிலிருந்து வந்தவன் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மடத்துக்கு வந்திருந்தான். பிரசவத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிது என்று பார்வையாளர் அறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதான். நேர்ச்சை நேர்ந்திருக்கிறேன், யாருக்குச் செய்யலாம் சொல்லுங்கள் என்று கேட்டான். நான் உன் வகுப்பைச் சொன்னேன். என் முன்னாலேயே குழந்தை தலையில் கைவைத்து, "ஜெயமேரி அக்கா பள்ளிக்கூடத்துக்குச் செய்றேன். வினோலியாக்கா வாயால கேட்டது, மாற மாட்டேன்" என்றான். ஃபாதரிடம் பேசப் போகிறானாம்.

வாங்கிக்கொண்டே இருந்த தங்கச்சி முதல் தடவையாக உனக்கு ஒன்று கொடுக்கிறேன். மறுக்காதே.

வினோலியா


மேட்டுப்பட்டி
28.2.2025

வினோலியாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். நீ சுகமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உடனே கிளெமென்ட்டுக்கு எழுது. வேண்டாம் என்று சொல். நேற்று அவன் ஃபாதரோடு பள்ளிக்கு வந்து பார்த்தான். புத்தகத்துக்கும் பாக்கியராஜ் சாருக்கும் ஆகும் செலவைச் சொன்னேன். அவன் சிரித்தான். "என்னக்கா, அரைக்கிணறு தாண்டுற வேலை. செய்றத முழுசாச் செய்வோம். ஜூன்ல இருந்து தனியா இங்கிலீஷ் மீடியமே வச்சுருவோம். வேன், டை, புது டீச்சர், எல்லாம் என் பொறுப்பு. தமிழ்தான் வீட்டுலயே பேசுதுகளே" என்றான்.

ஃபாதருக்கும் வாயெல்லாம் பல். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், பள்ளியை மூடாமல் காப்பாற்ற வேண்டிய கவலை அவருக்கு. ஆனால் அந்தப் பிரிவு வந்தால் என் பிள்ளைகள் அத்தனையும் வராந்தாவுக்கு அந்தப் பக்கம் போய்விடும். இரண்டு மொழி வகுப்பு அன்றோடு முடிந்தது. என் வேலையும் இங்கே முடிந்தது.

நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "இது நேர்ச்சை அக்கா. வினோலியாக்காகிட்ட சொன்ன வாக்கு. அவங்க விடுவிச்சா விட்டுர்றேன், இல்லாட்டி எம்பிள்ளைக்கு ஆகாது" என்கிறான். நம் ஆட்கள் நேர்ச்சை என்றால் எப்படி என்று உனக்குத் தெரியும். உன் ஒரு வரி போதும். அடுத்த புதன் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். அதற்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும், ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

ஜெயமேரி


மேட்டுப்பட்டி
25.3.2025

வினோலியாவுக்கு,

நீ இதை இப்போது படிக்க மாட்டாய். போன கடிதம் சாம்பல் புதன் அன்று காலையில் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. மடத்துக்குப் போன் போட்டு நானே தெரிந்துகொண்டேன். வாசல் சகோதரி எடுத்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவசரம் என்றேன். "சாவுச் செய்தியா?" என்று கேட்டார். ஆம் என்று சொல்லியிருந்தால் உன்னைக் கூப்பிட்டிருப்பார். தவக்காலத்தில் சாவைச் சொல்லிப் பொய் பேச நாக்கு வரவில்லை. இல்லை என்றேன். அப்படியானால் தவக்காலம் முடிந்து உயிர்ப்பு ஞாயிறு அன்று கொடுப்போம் என்று அன்பாகத்தான் சொன்னார்.

அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிடும். கிளெமென்ட் பணத்தைக் கட்டிவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டான். கேட்டில் பேனர் கட்டியாயிற்று. முத்துப்பேச்சி முதல் ஆளாக வந்து தமிழ்மதியைச் சேர்த்தாள். எனக்கு ஒரு முழம் பூ கொடுத்து, "ஒங்க தங்கச்சி புண்ணியம் டீச்சர்" என்றாள். வைத்துக்கொண்டேன்.

யாரும் படிக்காத கடிதத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் போலிருக்கிறது. எழுதுகிறேன். என்னைக் கேட்காமல் ஏன் செய்தாய்? உனக்குக் கொடுக்க வேண்டுமென்ற ஆசை, அதில் என் வகுப்பு போயிற்று. உன்மேல் எனக்குக் கோபம். உயிர்ப்பு ஞாயிறு அன்று, எல்லோரும் மணி அடித்துச் சிரிக்கும் நேரத்தில், நீ இதைப் பிரித்துப் படித்துவிட்டு அந்தச் சுவருக்குள் யாரிடமும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பாய். அதை நினைத்தால் கோபமும் நிற்க மாட்டேன் என்கிறது.

ஜெயமேரி


மேட்டுப்பட்டி
15.4.2025

என் செல்லத் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஆண்டவர் உனக்கு எல்லா மகிழ்ச்சியும் தரட்டும். கட்டுக்குள் இருக்கும் இந்தக் கடிதத்தின் உறைமேல் 'முதலில் பிரி' என்று எழுதியிருக்கிறேன். மற்ற இரண்டையும் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடு. ஏதோ சளிக் காய்ச்சலில் உளறி எழுதியது, அதில் ஒன்றும் இல்லை.

கிளெமென்ட் செய்ததைப் பார்த்து ஊரே மெச்சுகிறது. ஜூனில் பெரிய வகுப்பு வருகிறது. உன் வேண்டுதல் பலித்தது. நான் நிறைவாக இருக்கிறேன்.

அக்கா


கார்மேல் மடம்
22.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அல்லேலூயா. உன் கடிதத்தை முதலில் பிரித்தேன். நீ சொன்னபடி மற்ற இரண்டையும் பிரிக்காமல் சமையலறை அடுப்பில் போட்டேன். ஒன்று ஸ்பீடு போஸ்ட், நன்றாகத் தடிமனாக இருந்தது, கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. சொல்வதைக் கேட்டுத்தானே இத்தனை வருடம் இங்கே பழகியிருக்கிறேன்.

கிளெமென்ட்டுக்கு நன்றிக் கடிதம் எழுதிவிட்டேன். உனக்கு நான் ஒரு நல்லது செய்துவிட்டேன் என்ற நினைப்பு இந்தக் கோடையில் எனக்குக் குளுமையாக இருக்கிறது. தமிழ்மதி இப்போது என்ன கேள்வி கேட்கிறாள்?

வினோலியா


கார்மேல் மடம்
24.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூனும் போயிற்று, ஜூலையும் போயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. புது வகுப்பில் வேலை கூடிப்போனதா? உடம்புக்கு ஒன்றுமில்லையே? வாசல் சகோதரி தபால் கட்டோடு வரும்போதெல்லாம் நான் கழுத்தை நீட்டிப் பார்ப்பதை எல்லோரும் கேலி செய்கிறார்கள்.

வினோலியா


மேட்டுப்பட்டி
14.10.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். வேலை கூடுதல், அதனால்தான் எழுதவில்லை, தப்பாக நினைக்காதே. இங்கே நல்ல மழை. பிள்ளைகள் சுட்டி. நேற்று ஒருவன் எழுந்து, "ஏனுங்க டீச்சர், எருமைக்கு இங்கிலீசுல பேரு இருக்குதுங்களா, இல்ல மாட்டுக்கு மட்டுந்தானுங்களா?" என்று கேட்டான். பஃபலோ என்று சொல்லிக்கொடுத்தேன். பெரிய பேருதானுங்க என்று திருப்தியாக உட்கார்ந்தான்.

மற்றபடி ஒன்றும் விசேஷமில்லை. முதுகைப் பார்த்துக்கொள்.

அக்கா


கார்மேல் மடம்
3.11.2025

அக்கா,

கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மாவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன். நான் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய், அதனால் வேறு கேட்கிறேன்.

நம் பக்கத்துப் பிள்ளை எதுவும் 'ஏனுங்க' என்று பேசாது. அப்படிப் பேசும் பிள்ளை ஒட்டன்சத்திரம் தாண்டித்தான் இருக்கும். ஊரை விட்டு வந்தேனே தவிர, ஊர்ப் பேச்சு மறக்கவில்லை. மேட்டுப்பட்டி என்று மேலே எழுதிவிட்டால் நீ மேட்டுப்பட்டியில் இருப்பதாக ஆகிவிடுமா?

நீ எங்கே இருக்கிறாய்? நான் எரித்த கடிதங்களில் என்ன இருந்தது?

வினோலியா


தொப்பம்பட்டி
27.11.2025

அன்பு வினோலியாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது. இது வந்து சேர்ந்தாலும் பாலன் பிறக்கும் வரை கட்டுக்குள்தான் கிடக்கும். தெரிந்தேதான் எழுதுகிறேன். உன் கடிதத்தை மேட்டுப்பட்டித் தபால்காரர் முகவரி மாற்றி இங்கே அனுப்பி வைத்தார்.

தொப்பம்பட்டி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருக்கிறேன். உரக்கடை மாடியில் ஓர் அறை. எனக்கு ஒருத்திக்குச் சோறும் ஒரு வெஞ்சனமும் வைத்தாலும் மறுநாளைக்கு மிஞ்சுகிறது. இங்கே கோயில் தூரம். ஞாயிறு பூசைக்குப் போனால் எல்லோரும் மரியாதையாக, "வாங்க, நல்லா இருக்கீங்களா" என்கிறார்கள். யாருக்கும் என் பெயர் தெரியாது. எனக்குத் தனிமையாக இருக்கிறது வினோலியா. இதை மறைத்து மறைத்து அலுத்துவிட்டது.

எரித்த கடிதங்களில் இருந்தது ஒரே செய்திதான். வேண்டாம், கிளெமென்ட்டைத் தடுத்துவிடு என்பது. நீ நன்மை என்று நினைத்துக் கேட்டது என் வகுப்பை மூடிவிட்டது. ஜூனில் என் பிள்ளைகள் எல்லாம் எதிர் அறைக்குப் போயின. புது டீச்சர் ரீனா நல்ல பெண், ஆனால் அந்த அறைக்குள் தமிழ் பேசக்கூடாது என்று விதி. நான் வராந்தாவில் போகும்போது தமிழ்மதியைப் பார்ப்பேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ரீனா ஒருநாள் என்னிடம் வந்து, "டீச்சர், அந்தப் பிள்ளைக்குப் பேச வராதா?" என்று கேட்டாள். என் வகுப்பில் வாய் ஓயாமல் பேசிய பிள்ளையை. நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

ஆகஸ்டில் தலை எண்ணினார்கள். தமிழ்ப் பிரிவில் ஆள் இல்லை. செப்டம்பரில் மாற்றுப்பணி என்று இங்கே அனுப்பினார்கள்.

எரித்துவிடு என்று எழுதியது நான்தான். உனக்கு வலிக்கக்கூடாது என்றுதான் எழுதினேன். ஆனால் நீ எரித்துவிட்டேன் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. அக்கா எரி என்றால் எரித்துவிடுவதா, ஒரு ஓரத்தையாவது பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லையா என்றுதான் தோன்றியது. பொய் சொல்லி உன்னைச் சந்தோஷமாக வைத்திருந்த காலத்தில் எனக்குத் தங்கச்சியே இல்லாதது போல இருந்தது. அதனால் சொல்லிவிட்டேன். அழு. ஆனால் பதில் எழுது.

ஜெயமேரி


கார்மேல் மடம்
27.12.2025

அக்கா,

பாலன் பிறந்த அன்று கடிதக் கட்டைக் கொடுத்தார்கள். உன் கடிதத்தைப் படித்தேன். எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள், நானும் பாடினேன். பிறகு தோட்டத்துக்குப் போய் அழுதேன். தலைவியம்மா கேட்டார். நம் வீட்டில் ஒரு வகுப்பு இறந்துபோயிற்று, கொன்றது நான் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கிளெமென்ட்டுக்கு எழுதியிருக்கிறேன். பணத்தைத் திருப்பு என்று கேட்க முடியாது, அந்த அறைக்குள் தமிழும் பேசட்டும் என்று மட்டும் கேட்டேன். நேர்ச்சையை நான் சொன்னபடி முடித்துவிட்டான். இனி என் பேச்சைக் கேட்பானா தெரியாது.

நீ 'வேண்டாம்' என்று எழுதி நான் பிரிக்காத அந்த இரண்டு கடிதங்களையும் மறுபடி எழுது. என்மேல் கோபமாக எழுதியிருந்தால் அந்தக் கோபத்தோடே எழுது, ஒரு வரியும் குறைக்காதே. சாம்பல் புதன் பிப்ரவரி பதினெட்டாம் தேதி. அதற்குமுன் அனுப்பிவிடு.

உன் வினோலியா